பணயம் எங்கே, பாப்பா?

மேனாம்பேடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். பெரியம்மாவும் பாதிக்கு மேல் படித்துவிட்டாள். போனில் பேசினால் சொல்ல வந்ததில் பாதி விட்டுப்போகும். எழுத்தில் இருந்தால் நீ வைத்து வைத்துப் படிக்கலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

பத்திரிகையில் தொடர்கதைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் சரித்திரம், துப்பறிதல், குடும்பக்கதை என்று எல்லாவகைப் பிரதிகளும் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. நண்பர்கள் கூடி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் ஏற்றுப் பேசி விளையாடிய சாகசத்தை நாவலாக்கி ஒருவரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. நீ அதைத் தமிழில் செய்ய நினைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் குறைகளை ஒளிக்காமல் சொல்லப் போகிறேன்.

புழல் கோட்டையின் அகழியைத் தாண்டுகிற அத்தியாயத்தை எடுத்துக்கொள். வாள்வீரன் மாறன் கால் வழுக்கித் தண்ணீரில் விழுகிறான். கயிறு போட்டுத் தூக்குகிறார்கள். அடுத்த பத்தியில் எல்லோரும் கோட்டைக்குள் இருக்கிறார்கள். நீங்கள் நம் வீட்டு மாடியில் இதை விளையாடிய ராத்திரி எழுந்த கூச்சல் கீழே எங்கள் அறைவரை கேட்டது. இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்திருக்கிறது, அத்தனை பேரும் தலையில் கை வைத்திருக்கிறீர்கள். ஆனால் படிக்கிறவன் அந்த மாடியில் இல்லை. பகடை உருண்டதை அவன் பார்க்கவில்லை. ஒரு வீரன் வழுக்கி விழுந்தான் என்பது மட்டும்தான் அவன் கைக்கு வருகிறது. அதற்கு அவன் ஏன் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

நம் ஊரில் பகடையை வைத்துச் சொன்ன கதைகளில் தர்மர் ஆடிய சூதை மிஞ்சியது இல்லை. வடதமிழ்நாட்டு திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து, ராத்திரி அதையே கூத்தாக ஆடுகிறார்கள். துகிலுரிதல் கூத்து நடக்கும் ராத்திரியில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஜனங்களிடம் போய், சகுனி உருட்டியபோது என்ன எண் விழுந்தது என்று கேட்டுப் பார். யாருக்கும் தெரியாது. யாருக்கும் அது வேண்டியதும் இல்லை. தர்மர் எதை வைத்தார் என்று கேள். செல்வம், நாடு, தம்பிகள், தம்பிகளிலும் முதலில் நகுலன், பிறகு தன்னையே, கடைசியில் பாஞ்சாலி என்று வரிசையாகச் சொல்வார்கள். போதும் என்று எழுந்து போக அவருக்கு வாய்ப்பு இருந்தது, அவர் எழவில்லை என்பதையும் சொல்வார்கள். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைக்க அவருக்கு என்ன உரிமை என்று பாஞ்சாலி சபையில் கேட்டது அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் கதை நிற்பது பணயத்தின் மேல்.

உன் பிரதியில் எண்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, பணயம்தான் காணவில்லை. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

மாறன் விழட்டும், அதை எடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு அத்தியாயத்துக்கு முன்பே, முள்வேலியைத் தாண்டும்போது அவன் உள்ளங்காலில் ஆழமாகக் குத்திவிட்டது என்று வை. சொன்னால் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று பயந்து, துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்துப் பேசியபடி நடக்கிறான். படிக்கிறவனுக்கு மட்டும் அது தெரியும். அகழியின் பாசிக்கல்லில் அந்தக் கால் படுகிற இடத்தில் நீ எதையும் பெரிதாக வர்ணிக்கத் தேவையில்லை. அவனைத் தூக்கிவிட்ட பிறகு குள்ளன் பூசாரி கட்டை அவிழ்த்துப் பார்க்கிறானே, அங்கே நின்று எழுது. பூசாரிக்கு வருவது கோபமா, வருத்தமா? இத்தனை நாள் ஒன்றாகச் சாப்பிட்டவன் தன்னை நம்பவில்லை என்பது அவனுக்கு எப்படி இருக்கும்? பகடையில் விழுந்த அதே ஒன்றுதான், ஆனால் இப்போது அது மாறனுடையது.

சண்டைக் காட்சிகளிலும் இதே சிக்கல். ஓங்கினான், தவறியது, பூதம் அடித்தது, தடுத்தான், மறுபடி ஓங்கினான், பட்டது. விளையாட்டில் முறை வைத்து ஆடுகிறீர்கள், அதனால் வாக்கியமும் முறை வைத்து வருகிறது. ஒரு சண்டைக்கு ஒரு கேள்வி போதும். இவன் பாலத்தைவிட்டு நகர்ந்தால் பின்னால் இருக்கும் குழந்தைகள் செத்துப்போவார்கள், நகராவிட்டால் இவன் செத்துப்போவான் என்றால், வாள் எத்தனை தரம் பட்டது என்று யாரும் எண்ணமாட்டார்கள். உன் ஏழு சண்டைகளில் அப்படி ஒரு கேள்வி இருப்பது இரண்டில்தான். மற்ற ஒவ்வொன்றையும் இரண்டு வரியில் முடி.

இந்த வழியில் உனக்கு முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டது 1974-ல். பத்து வருஷத்தில், 1984-ல், அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். கம்பெனியிலிருந்தே மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய டிராகன்லான்ஸ் நாவல்கள் வர ஆரம்பித்தன. விளையாடுவதற்கான சாகசப் புத்தகங்களும் படிப்பதற்கான நாவல்களும் ஒரே கதையின் இரண்டு உருவமாகச் சேர்ந்தே வந்தன. அதில் ராய்ஸ்ட்லின் என்ற மந்திரவாதி வருகிறான். கதையை விளையாடிப் பார்க்க உட்கார்ந்தபோது டெர்ரி பிலிப்ஸ் என்பவர் அவனாக, இரைக்கும் ரகசியக் குரலில் பேசினார். அந்தக் குரல் அப்படியே நாவலுக்குள் போனது. நான் உன்னைக் கவனிக்கச் சொல்வது அதற்கு அடுத்த படியை. நாவலில் அந்தக் குரலுக்கு ஒரு காரணம் உண்டு. மந்திரவாதிகளுக்கான சோதனையில் சக்தியை வாங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். விளையாடிய ஒருவரின் குரல், ஒரு பாத்திரம் கொடுத்த விலையாக மாறிவிட்டது. இன்றுவரை வாசகர்கள் அந்தக் கூட்டத்திலேயே அதிகம் பேசுவது அவனைப் பற்றித்தான்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. முதல் நாவல் விளையாட்டின் பாதையை ஒட்டியே நடக்கிறது. ஒரு குகை, ஒரு சண்டை, அடுத்த குகை என்று அந்தத் தடம் தெரியும். இரண்டாவதில் துணிந்துவிட்டார்கள். குள்ளர்களின் தோர்பார்டின் ராஜ்யத்தில் நடக்கும் ஒரு முழுச் சாகசத்தையே விட்டுவிட்டு, அது முடிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். விட்டுப்போன அந்தப் பகுதியைத் தனி நாவலாக அவர்கள் வெளியிட்டது 2006-ல். நீயும் எடுக்கத் தயங்காதே. சந்தைக்குப் போய்க் கயிறும் விளக்கெண்ணெயும் வாங்குகிற அத்தியாயம், ஒரு குறிப்பைத் தேடி மூன்று நாள் அலைகிற அத்தியாயம் இரண்டும் போகட்டும். நீங்கள் சந்தோஷமாக விளையாடிய ராத்திரிகள் அவை என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷம் உங்களிடமே பத்திரமாக இருக்கும்.

அப்படி இழக்க மனமில்லை என்றால் ஜப்பான்காரர்கள் செய்ததைச் செய். ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார் முதலில் நாவலாக வரவில்லை. 1986-லிருந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுப் பத்திரிகையில், மேஜையில் பேசியதை நாடக வசனம் மாதிரி அப்படியே தொடராகப் போட்டார்கள். யார் என்ன கேட்டார், பகடை என்ன சொன்னது, யார் சிரித்தார் என்று எல்லாம் அதில் வரும். அந்த விளையாட்டை நடத்திய ரியோ மிசுனோ 1988-ல்தான் அதை நாவலாக வெளியிட ஆரம்பித்தார். அதில் வரும் டீட்லிட் என்ற எல்ஃப் பெண்ணாக மேஜையில் பேசியவர் ஹிரோஷி யாமமோட்டோ என்ற ஆண் எழுத்தாளர். இரண்டு வடிவத்துக்கும் வாசகர்கள் இருந்தார்கள். உன்னிடம் செஷன் குறிப்புகள் நோட்டு நோட்டாக இருக்கின்றன. அவற்றை ஒருமுறை அப்படியே வசனமாக எழுதி ஓரமாக வைத்துவிடு. பிறகு நாவல் எழுதும்போது நோட்டைத் திறக்காதே.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பல ராத்திரிகள் பாடுவார்கள். 1960-களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர், ஒரு பாடகர் பாடப் பாட அதை ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதிய பிரதி ஒன்றும் அவரிடம் இருந்தது. ஒரே ஆள், ஒரே கதை, ஆனால் இரண்டும் ஒன்றாக இல்லை. எதிரே ஜனங்கள் இருக்கும்போது வாய் ஒருவிதமாகப் போகும், எதிரே எழுதுகிறவர் இருக்கும்போது வேறுவிதமாகப் போகும். அந்தக் கதையைக் கலைஞர் பொன்னர்–சங்கர் நாவலாக எழுதினார். அது உரைநடைக்குரிய நடையில் போகிறது, உடுக்கையின் நடையில் போகவில்லை. போகவும் முடியாது.

இனி யார் கண் வழியாகச் சொல்வது என்பது. ஐந்து பேர் விளையாடினீர்கள், ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கு வைத்திருக்கிறாய். மாடியில் அது நியாயம். நாவலில் படிக்கிறவன் யார் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவான்? கல்கி 1950-லிருந்து 1954 வரை அத்தனை பாத்திரங்களையும் இழுத்துக்கொண்டு பொன்னியின் செல்வனைத் தொடராக நடத்தினார். ஆனால் தொடங்குவது ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரும் ஒரே ஒரு வாலிபனோடு. வந்தியத்தேவன் செய்கிற தப்பெல்லாம் அவன் அவசரத்தாலும் துடுக்காலும் வருகிறது என்பதையும் பார். எந்தப் பகடையும் அவனை இடறிவிடவில்லை. உன் கதையில் அந்த இடம் குள்ளன் பூசாரிக்கு உரியது என்று எனக்குப் படுகிறது. கோயிலைவிட்டு வந்தவன் அவன் ஒருவன்தான், இழக்க ஏதாவது இருப்பதும் அவனுக்குத்தான். பெரியம்மா அவனைத் தேடித் தேடிப் படித்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

எனக்கு மனசு கஷ்டமாக இருந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விளையாடியபோது கோட்டை புழலில் இருந்தது, கோயில் திருமுல்லைவாயிலில் இருந்தது. நாவலில் முதல் மூன்று அத்தியாயத்துக்குப் பிறகு கோயில் 'எல்டோரியா ஆலயம்' ஆகிவிட்டது. ஏன் பாப்பா? மாசிலாமணீசுவரர் கோயில் நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அதன் தலபுராணத்தில் என்ன இல்லை? குறும்பர்களோடு போருக்குப் போன தொண்டைமானின் யானைக்காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. அவன் வாளால் வெட்டுகிறான். கொடிக்குள்ளிருந்து ரத்தம் வருகிறது. பார்த்தால் சிவலிங்கம். பிறகு சுவாமி நந்தியை அவனுக்குத் துணையாக அனுப்புகிறார். அதனால்தான் இன்றும் அங்கே நந்தி சுவாமிக்கு முதுகு காட்டித் திரும்பி இருக்கிறது. தோற்றுப்போன குறும்பர்களிடமிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் கருவறைக்கு முன்னால் நிற்கின்றன. எருக்கஞ்செடியில் தூண்! அதற்கு மேல் ஒரு மாயக்கதைக்காரிக்கு என்ன வேண்டும்? வெற்றி பெற்றவன் அந்தத் தூண்களைக் கொண்டுவந்தான் என்பது புராணம். தோற்றவர்கள் வீட்டில் அந்தத் தூண்களுக்கு நடுவே யார் வளர்ந்தார்கள் என்பது உன் நாவலாக இருக்கலாம். மாறன் குறும்பர் குலத்தவன் என்று ஒரு இடத்தில் போகிற போக்கில் சொல்கிறாயே, அதை ஏன் அங்கேயே விட்டுவிட்டாய்?

பெயர் மாற்றுவதில் நீ மாற்ற வேண்டியது வேறு. உன் கதையில் மிதந்து வரும் பல கண் பூதம், பிஹோல்டர், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வெளியிடும் கம்பெனி தனக்கே உரியது என்று நெடுநாளாகச் சொல்லிவருவது. விதிகளின் அடிப்படைத் தொகுப்பை அவர்கள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள், மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்தாளலாம். ஆனால் விலைக்கு வாங்கிய சாகசப் புத்தகத்தின் கதையும் அதில் வரும் ஆட்களும் அதில் சேரமாட்டார்கள். உன் பன்னிரண்டாம் அத்தியாயத்துக் கோபுரம் அப்படி ஒரு புத்தகத்திலிருந்து வந்தது என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதை எடுத்துவிட்டுத் திரும்பி நிற்கும் நந்தியைக் காவலுக்கு வை.

உன் நண்பர்கள் விஷயம் அதைவிட முக்கியம். மாறனையும் பூசாரியையும் உருவாக்கியவர்கள் அவர்கள். நல்ல வசனம் பலதும் அவர்கள் வாயிலிருந்து வந்தது. நால்வரிடமும் கேட்டு, இன்னின்ன பாத்திரத்தை நாவலில் மாற்றி எழுத எனக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள். வருமானம் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடு. சினேகிதம் நன்றாக இருக்கும்போதுதான் இதைப் பேச முடியும். பாத்திரம் செத்துப்போகப் போகிறது என்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடு.

அதைச் சொல்லும்போது, பாதியில் வேலை மாறிப்போன தோழியின் வில்லாளி ஞாபகம் வருகிறது. அவள் விளையாட வராமல் போனதும், நாவலில் வில்லாளியும் 'ஊருக்குத் திரும்பிவிட்டாள்' என்று ஒரு வரியில் போய்விட்டாள். தி எக்ஸ்பேன்ஸ் தொடரின் முதல் நாவல் 2011-ல் வந்தது. அதுவும் அதை எழுதியவர்களில் ஒருவரான டை ஃப்ராங்க் நண்பர்களோடு நடத்திய விளையாட்டிலிருந்து வந்ததுதான். அங்கேயும் ஒருவர் நடுவில் விலகிப்போனார். அவருடைய ஷெட் என்ற பாத்திரம் நாவலில் ஒரு நொடியில், வாக்கியத்தின் நடுவே என்று சொல்லும்படி செத்துப்போகிறான். இந்த உலகத்தில் யாரும் பத்திரமில்லை என்பது படிக்கிறவனுக்கு அங்கே புரிந்துவிடுகிறது. உன் வில்லாளி சாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் போகிற ராத்திரியை எழுது. யாரிடம் சொல்லிக்கொண்டு போனாள், யாரிடம் சொல்லாமல் போனாள், வில்லை யாரிடம் கொடுத்தாள் என்று மூன்று பக்கமாவது வேண்டும்.

முழுப் பிரதியையும் திருத்தி அனுப்பாதே. முள்வேலி, அகழி, வில்லாளி போகும் ராத்திரி, இந்த மூன்றை மட்டும் பூசாரியின் கண் வழியாக எழுதித் தபாலில் அனுப்பு. போன் திரையில் படிக்க எனக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. வரிக்கு வரி இடம் விட்டு அச்செடு, பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். பெரியம்மாவுக்கும் ஒரு பிரதி தனியாக வேண்டுமாம்.

அன்புடன்,
பெரியப்பா