சிட்டா தளம் திறக்கவில்லையா? பெயர்ப் பதிவேட்டுக் கோளாறைக் கண்டறிதல்

பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் சிட்டா நகல் தேவை. தமிழ்நாட்டில் இந்நகலை அரசின் இணையதளத்திலிருந்து கைப்பேசியிலேயே எடுக்கலாம். ஆனால் கடைசித் தேதி நெருங்கும் வேளையில் தளம் திறக்காமல் போவதுண்டு. காரணம் தெரியாமல் கைப்பேசியைப் பழுதுக்குக் கொடுப்பது வீண் செலவு.

ஊரில் 'ஆலமரத்து வயல்' என்று சொன்னாலும், பத்திரத்தில் சர்வே எண்தான் செல்லும். இணையதளமும் அப்படியே. தளத்தின் பெயரைக் கொடுத்தால், அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் பதிவேடு ஒன்று உண்டு. இதனை டி.என்.எஸ். என்பர். 1983-ல் அமெரிக்காவில் பால் மொக்காபெட்ரிஸ் வகுத்த முறை இது. பதிவேட்டில் எண் கிடைக்காவிட்டால், தளம் நன்றாக இருந்தாலும் கைப்பேசி அங்கே போய்ச் சேராது.

பிழைச் செய்தியை முதலில் படிக்க வேண்டும். அதில் டி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் கோளாறு பெயர்ப் பதிவேட்டில், அல்லது பெயரைத் தட்டச்சு செய்ததில். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் தளம் வராது. 502, 503 போன்ற எண் வந்தால் பெயரில் குறையில்லை. தளத்தின் கணினிதான் திணறுகிறது. அதிகாலையில் மீண்டும் முயலலாம்.

பெயர் சரியாக இருந்தும் திறக்காவிட்டால், விமானப் பயன்முறையைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுக்கவும். பிறகு, வேறு நிறுவன சிம் உள்ள பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் அதே தளத்தைத் திறந்து பார்க்கவும். அதிலும் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் தளத்தாருடையது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதில் வந்தால், அந்தக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் நம் கைப்பேசியை இணைத்துப் பார்க்கவும். இப்போது திறந்தால் குறை நம் சிம் நிறுவனத்தின் பதிவேட்டிலோ இணைப்பிலோ இருக்கிறது. அப்போதும் திறக்காவிட்டால் நம் கைப்பேசி அமைப்பையே சந்தேகிக்க வேண்டும்.

2018-ல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9 முதல், அமைப்புகளில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற பகுதி உள்ளது. விளம்பரம் வராமலிருக்க என்று வீட்டுப் பிள்ளைகள் இதில் ஏதேனும் ஒரு பெயரை எழுதி வைத்திருப்பதுண்டு. அந்தச் சேவை நின்றாலோ, எழுத்து பிசகினாலோ எந்தத் தளமும் திறக்காது. இதனைத் 'தானியங்கு' நிலைக்கு மாற்றினால் போதும். சிம் நிறுவனத்தின் பதிவேட்டில்தான் குறை என்றால், இதே இடத்தில் 'டிஎன்எஸ் புள்ளி கூகுள்' என்று ஆங்கில எழுத்தில் இட்டுப் பார்க்கலாம். 8.8.8.8 என்ற எண்ணை இங்கே இடக்கூடாது, ஏற்காது.

தளம் வரவில்லையே என்று தேடுபொறியில் தோன்றும் வேறு தளங்களில் ஆதார் எண்ணையோ, ஓ.டி.பி.யையோ கொடுப்பது ஆபத்து. அரசுத் தளத்தின் பெயர் 'கவ் புள்ளி இன்' என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தளத்தை வேறு கணினிக்கு மாற்றிய நாட்களில் பழைய எண் பதிவேடுகளில் சில மணி நேரம், சிலவேளை ஒரு நாள்கூட, தங்கிவிடும். அவசரமானால் இ-சேவை மையத்தில் நகல் பெற்றுக்கொள்ளலாம். அங்குள்ள இணைப்பு வேறு என்பதால் பெரும்பாலும் திறக்கும்.