பின்விரல் நகம் தெரியாத படம்

நெட்டைக்காலிப் பறவை எந்த இனம் என்று படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேடந்தாங்கலுக்கு அருகே, அறுவடை முடிந்த வயலையொட்டிய உயரப் புல்லில் நான் பார்த்தது ரிச்சர்ட் நெட்டைக்காலி. படத்தைப் பார்த்த பறவை ஆர்வலர் குழுவினர், ‘வயல் நெட்டைக்காலி, எங்கும் இருப்பதுதானே’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இரண்டுக்கும் பழுப்பு உடம்பு, கோடு போட்ட மார்பு, நீண்ட கால். வயல் நெட்டைக்காலி ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. சுமார் 15 செ.மீ. ரிச்சர்ட், சைபீரியா, மங்கோலியா பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வருவது; 17, 18 செ.மீ. இருக்கும். இந்த வித்தியாசம் வயலில் நிற்பவனின் கண்ணுக்குப் படும். புல்லும் பறவையும் மட்டுமே உள்ள படத்தில் படாது. நான் பார்த்தது எழும்போதே ‘ஷ்ரீப்’ என்று கரகரத்த குரலில் உரக்கக் கத்தியது. இறங்குமுன் புல்லுக்கு மேலே ஒரு கணம் சிறகடித்து நின்றது, பிறகுதான் உள்ளே போனது. வயல் நெட்டைக்காலியின் குரல் மெலிந்த ‘சிப்-சிப்’. வருஷக்கணக்கில் அதைக் கேட்டுப் பழகிய காது ஏமாறாது.

படம் எதற்கு? பின்விரல் நகத்துக்கு. ரிச்சர்டுக்கு அது நன்றாக நீண்டிருக்கும். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே வெளுத்திருக்கும். வயல் நெட்டைக்காலிக்கு அங்கே பெரும்பாலும் கருங்கோடு ஓடும். என் படங்களில் புல் காலை மறைத்துவிட்டது, முகத்தில் நிழல். அதனால் ஒரு பருவத்தின் பதிவே போனது. அடுத்த குளிர்காலத்தில் அதே வரப்பில் நகம் தெரிய எடுத்துக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். முந்தைய பதிவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

பறவை எழுந்ததும் கேமராவைத் தூக்காதீர்கள். முதலில் குரலைக் கேளுங்கள், இறங்கும் விதத்தைப் பாருங்கள், செல்பேசியில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். பிறகு வரப்பில் அசையாமல் உட்காருங்கள். வெட்டவெளிக்கு அதுவே வரும். தரையோடு தாழ்ந்து, பக்கவாட்டில், கால் தெரிய எடுங்கள். ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் உங்களுக்கே தெரியும். எடிட்டிங்கில் நிறத்தை மட்டும் கூட்டாதீர்கள். மாலை வெயிலில் எந்த நெட்டைக்காலியும் செம்பழுப்பாகத்தான் தெரியும்.

குழுக்களில் தீர்ப்புச் சொல்பவர்களே, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்குமுன் எடுத்தவரிடம் கேளுங்கள்: எப்படிக் கத்தியது, எப்படி இறங்கியது?