முறை வைத்து மீன் பிடித்தல்: பழவேற்காட்டுப் 'பாடு'

வகுப்பில் பலகை துடைப்பதற்கும், கோயிலில் மலர் வைப்பதற்கும் நாம் முறைப் பட்டியல் எழுதுகிறோம். அப்படி ஒரு பட்டியலை நம்பிப் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது என்றால் வியப்பாக இல்லையா? பழவேற்காட்டு ஏரி மீனவர்களின் 'பாடு' முறையே அது.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. ஏரி கடலோடு சேரும் இடம் முகத்துவாரம். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. எனவே முகத்துவாரத்தை அடுத்த இடங்களில்தான் இறால் மிகுதி. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வலையோடு வலை சிக்கும். வலியவர் அள்ள, எளியவர் வெறுங்கையோடு திரும்புவர்.

இதைத் தவிர்க்கவே முன்னோர் பாடு முறையை வகுத்தனர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் மீனவர் இதை மரபாகக் காத்து வருகின்றனர். எந்த நாளில் யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடி முறை வைத்துக்கொள்கின்றனர்.

முறை வைப்பதில் கணக்கும் உண்டு. மூன்று குழுக்கள் நாள்தோறும் மாறி மாறிச் செல்வதாகக் கொள்வோம். நாளின் எண்ணை மூன்றால் வகுத்து மீதி 1 வந்தால் முதற்குழு, 2 வந்தால் இரண்டாம் குழு, 0 வந்தால் மூன்றாம் குழு. 100-ஆம் நாள் யாருக்கு? மீதி 1, ஆகவே முதற்குழுவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்காக ஓய்வு என்று வைத்தால் ஒரு சிக்கல் எழுகிறது. மீதமுள்ள ஆறு நாட்களும் மூன்றால் சரியாக வகுபடுவதால், சனிக்கிழமை எப்போதும் மூன்றாம் குழுவுக்கே வரும். ஞாயிறன்று மீன் வாங்குவோர் அதிகம் என்பதால், சனிக்கிழமை இறாலுக்கு நல்ல விலை கிடைக்கும். அந்த விலை ஒரு குழுவுக்கே போவது நியாயமா? வாரந்தோறும் தொடங்கும் குழுவை மாற்றினால் குறை தீரும். எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டும் போதாது. நல்ல நாளும் நல்ல இடமும் சமமாகச் சுற்றி வர வேண்டும்.

துருக்கி நாட்டின் அலன்யா மீனவரும் இதை அறிந்திருந்தனர். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கோர் இடம் பெறுவர். ஜனவரி வரை நாள்தோறும் கிழக்கே ஓர் இடம் நகர்வர். பின்பு மே வரை மேற்கே நகர்வர். இதைப் பற்றி 1990-இல் தம் நூலில் எழுதிய எலினோர் ஆஸ்ட்ராம் அம்மையார், 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி ஆனார். சீட்டுக் குலுக்குவது நமக்கும் புதிதன்று. யூதாசின் இடத்திற்கு மத்தியாசை அப்போஸ்தலர்கள் அவ்வாறே தேர்ந்தனர் அன்றோ!

ஆயினும் பட்டியலுக்கு வெளியே நிற்பவரை நாம் மறக்கலாகாது. பாடு உரிமை அந்தச் சமூகத்தின் மணமான ஆண்களுக்கே மரபாக உரியது. அதே ஏரியில் இருளர் பெண்கள் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, சேற்று நீரில் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். அவர்களுக்குப் பாடு இல்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் குறையும் காலங்களில், உள்ளே இருப்பவருக்கே பங்கு போதுவதில்லை. வெளியே இருப்பவர் கேட்கும்போது பூசல் எழுகிறது.

தோழியரே, முறைப் பட்டியல் எழுதும்போது நாம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பட்டியலில் உள்ளவர்க்கு நல்ல முறை சமமாக வருகிறதா? பட்டியலில் வரவேண்டிய பெயர் ஏதும் விடுபட்டுள்ளதா? முதற்கேள்விக்குக் கணக்கு விடை தரும். இரண்டாவதற்கு அன்புள்ள நெஞ்சமே விடை தர வேண்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி