எட்டாம் மாசக் குழந்தை தங்காதா?

நம்பிக்கை: "ஏழாம் மாசம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாசம் பிறந்தால் தங்காது."

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பாட்டிமார் இன்றும் இதைச் சொல்வதுண்டு. நமக்கு மட்டும் உரியதல்ல இது. ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களிலும் இதே கணக்கு இருக்கிறது. பழைய கணக்குதான், ஆனால் தலைகீழ்க் கணக்கு.

உண்மை: வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகள், நனைந்த பிளாஸ்டிக் பை போல ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபேக்டன்ட் என்ற வழவழப்பான படலம். அது போதிய அளவு சுரக்க ஏறக்குறைய 35 வாரம் ஆகும். 28 வாரத்துக்கு முன் பிறப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் குறையால் மூச்சுத்திணறல் வருகிறது. 34 வாரம் தாண்டியவர்களில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை 2.1 கிலோ. 39 மணி நேரத்தில் மூச்சுத்திணறலால் இறந்துபோனான். "எட்டாம் மாசம்தானே, பார்த்தாயா?" என்பார் பாட்டி. மாதத்தின் மேல் குற்றமில்லை. இத்தகைய மூச்சுத்திணறலுக்குச் சர்ஃபேக்டன்ட் குறைவே காரணம் என்று மருத்துவர் மேரி எலன் ஏவரி 1959-லேயே காட்டியிருந்தார். கொடுக்க மருந்துதான் இல்லை. 1980-ல்தான் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபேக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார். இன்று பேட்ரிக் அளவில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் நலமாக வீடு திரும்புகிறார்கள்.

நம்பிக்கை: "இது சூட்டு வலிதான். சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படு, காலையில் பார்க்கலாம்."

உண்மை: மாதம் நிறையுமுன் வலி வரும்போது சொல்லப்படும் இந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு கிள்ளானிலும் சுங்கை பூலோவிலும் இருக்கிறது. சபாக் பெர்ணமிலிருந்து அது பக்கத்துத் தெரு அல்ல. குறைமாதக் குழந்தை பிறந்தபின் ஆம்புலன்ஸில் போவதைவிட, தாயின் வயிற்றிலேயே போய்ச் சேர்வது மேல். இன்னொரு காரணமும் உண்டு. 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கினால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். குழந்தையின் நுரையீரலை அது முதிரச் செய்யும் என்று நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹௌவியும் 1972-ல் காட்டினார்கள். முழுப்பலன் தர அதற்கு ஒரு நாள் வேண்டும். சீரகத் தண்ணீரோடு கழிகிற இரவு அந்த நாளில்தான் கழிகிறது.

நம்பிக்கை: "ஆக்சிஜன் வைத்தால் கண் போய்விடும்."

பாதி உண்மை. 1940-களிலும் 50-களிலும் அளவில்லாமல் கொடுத்ததால் பல குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தது நிஜம். இன்று ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று கருவி காட்டிக்கொண்டே இருக்கிறது, அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் கண் பரிசோதனைத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

நம்பிக்கை: "முனகுகிறது, பசி போல."

ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், விரியும் மூக்குத்துவாரம், விலாவுக்கடியில் குழி, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நீலம் பாய்ந்த நாக்கு: இவை எதுவும் பசியல்ல. 999-ஐ அழையுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.