வேர் நல்லா இருந்தா பல்லைக் காப்பாத்தலாம்



இந்த மாத உடல்நலப் பாடம் உடைந்துபோன பல்லைப் பற்றியது. சொத்தை அரித்தோ, கீழே விழுந்தோ, சோற்றில் கல்லைக் கடித்தோ ஒரு பல் பாதிக்கு மேல் உடைந்துவிட்டால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? "போன பல்லுதானே, புடுங்கிப் போட்டுட்டு வந்துடலாம்" என்று முடிவு செய்துவிடுகிறோம். பிடுங்கச் செலவு குறைவு, ஒரே நாளில் வேலை முடியும், ஒரு நாள் கூலிதான் போகும்.

இது நியாயமான கணக்குதான். ஆனால் இதில் ஒரு செலவு விட்டுப்போகிறது. கடைவாய்ப் பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் மெல்லச் சாயும். எதிர் வரிசைப் பல்லும் பிடிமானம் இல்லாமல் நீண்டு வரும். இடுக்கில் சோறு மாட்டும், அங்கே புதுச் சொத்தை வரும். ஒரு பக்கமாகவே மெல்லுகிற பழக்கமும் வந்துவிடும். பிறகு போன பல்லுக்குப் பதில் பல் கட்டப் போனால் அந்தச் செலவு தனி.

அதனால் பிடுங்கச் சொல்லும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "டாக்டர், வேர் நல்லா இருக்கா?"

மேலே தெரிவது பாதிப் பல்தான்

கண்ணாடியில் நாம் பார்ப்பது ஈறுக்கு வெளியே உள்ள பகுதி மட்டும். மீதி வேராக எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. வெளிப்பகுதி உடைந்தாலும் வேர் உறுதியாக இருக்கலாம். வெட்டிய வேப்பமரம் அடிமரத்தில் இருந்து மறுபடி துளிர்க்கும். பல் அப்படித் தானாக வளராது. ஆனால் நல்ல வேரின் மேல் புதுப் பல்லைக் கட்டி எழுப்ப முடியும். அதற்கு மூன்று கட்ட வேலை உண்டு.

1. வேர் சிகிச்சை. டாக்டர்கள் ரூட் கெனால் என்பார்கள். வேருக்குள் இருக்கும் கெட்டுப்போன நரம்பை எடுத்து, உள்ளே சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைப்பார்கள்.

2. போஸ்ட், கோர். போஸ்ட் என்பது வேரின் துவாரத்துக்குள் இறக்கும் சிறு கம்பி. கோர் என்பது அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே எழுப்பும் குட்டிப் பல்.

3. கேப். கோரின் மேல் மாட்டும் உறை. வாயில் பல்லாகத் தெரிவதும், மெல்லுவதும் இதுதான்.

உடைந்த எல்லாப் பல்லுக்கும் போஸ்ட் தேவையில்லை. கடைவாய்ப் பல்லில் நாலு பக்கச் சுவரில் இரண்டு மூன்று நின்றால், நடுவிலுள்ள குழியையே பிடிமானமாக வைத்துக் கோர் கட்டிவிடலாம். முன்பல்லில் சிறு துண்டு மட்டும் போயிருந்தால் சிமெண்ட் வைத்தாலே போதும். கோர் நிற்கவே இடமில்லாத அளவுக்குப் பல் போயிருந்தால்தான் போஸ்ட். பிள்ளைகள் விழுந்து முன்பல் உடைந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்து, காயாமல் பாலில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பல நேரம் அதையே ஒட்டிவிடலாம்.

கம்பி வைத்தால் பல் பலமாகிவிடுமா?

ஆகாது. இதைத்தான் நம்மில் பலர் தவறாக நினைக்கிறோம். காங்கிரீட் தூணுக்குள் கம்பி போட்டால் தூண் பலமாகும். பல்லுக்குள் போஸ்ட் வைத்தால் பல் பலமாவதில்லை. கோரைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. அளவுக்கு மீறித் துளையைப் பெரிதாக்கி, தடித்த கம்பியை இறக்கினால் அது விறகில் அடித்த ஆப்பு மாதிரி வேரைப் பிளந்துவிடும். வேர் நெடுக விரிசல் விட்டால் அந்தப் பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

இது பழைய பாடம். பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலிலேயே வேருக்குள் உலோகக் கம்பி வைத்துப் பல் கட்டும் முறையை எழுதியிருக்கிறார். பின்னாளில் மரக்குச்சியை வைத்தும் கட்டினார்கள். எச்சிலில் ஊறிய குச்சி உப்பி வேரை உடைத்தது. இன்று மரம் போய் வேறு பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் வேரைப் பிளக்காமல் எப்படி நிறுத்துவது என்பதுதான் இன்றைக்கும் கேள்வி.

அதனால் டாக்டர்கள் சில அளவுகளைக் கவனிப்பார்கள். போஸ்டின் தடிமன் வேரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. நீளம், மேலே கட்டப்போகும் பல்லின் உயரத்துக்காவது இருக்க வேண்டும். வேரின் நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் அடைப்பைத் தொடாமல் விட வேண்டும். அதையும் தோண்டி எடுத்தால் கிருமி உள்ளே போக வழி திறந்துவிடும்.

உலக்கைக்குப் பூண் எதற்கு?

நம் வீட்டு உலக்கையைப் பாருங்கள். நுனியில் இரும்புப் பூண் மாட்டியிருக்கும். குத்தும்போது மரம் பிளக்காமல் சுற்றிலும் இறுக்கிப் பிடிப்பது அந்தப் பூண்தான். பல்லுக்கும் அதே கதைதான். கேப் வெறும் கோரின் மேல் மட்டும் உட்கார்ந்தால் போதாது. அது கீழே இறங்கி, சொந்தப் பல்லைச் சுற்றிலும் பூண் போலப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்க ஈறுக்கு வெளியே சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் சுற்றிலும் மிச்சம் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு அரிசியைப் படுக்க வைத்த உயரம், அவ்வளவுதான்!

அந்த 2 மில்லிமீட்டர் இருந்தால் எந்த வகைப் போஸ்ட் வைத்தாலும் பல் நிற்க வாய்ப்பு அதிகம். அது இல்லையென்றால் விலை கூடிய போஸ்ட் வைத்தாலும் சீக்கிரம் ஆட்டம் காணும். ஆகவே பல்லைக் காப்பாற்றுவது கம்பியின் விலையைவிட, நாம் மிச்சம் வைத்துக் கொண்டுபோகிற பல்தான். "அறுவடை முடியட்டும், தீபாவளி போகட்டும்" என்று தள்ளிப்போடும் மாதங்களில் சொத்தை அரித்துத் தின்பது இந்த 2 மில்லிமீட்டரைத்தான்.

போஸ்ட் எத்தனை வகை?

வார்ப்பு போஸ்ட்: வேரின் துவாரத்தை அச்சு எடுத்து, லேபில் உலோகத்தில் வார்த்துக் கொடுப்பார்கள். போஸ்டும் கோரும் ஒரே துண்டாக வரும். குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். மிகவும் உடைந்த பல்லுக்கும், துவாரம் வட்டமாக இல்லாத வேருக்கும் அளவாகப் பொருந்தும். உலோகம் வளைந்து கொடுக்காது. அதிக பாரம் வந்தால் கம்பிக்குப் பதில் வேர் உடையலாம். முன்பல்லில் ஈறோரம் கருமை தெரியவும் கூடும்.

ஆயத்த உலோகப் போஸ்ட்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது டைட்டானியத்தில் அளவு அளவாகத் தயாராக வரும். ஒரே நாளில் வைத்துவிடலாம். இதில் மரை வைத்துத் திருகி இறக்கும் ஸ்குரூ போஸ்டும் உண்டு. நன்றாகப் பிடிக்கும், ஆனால் திருகும்போதே வேருக்கு அழுத்தம் கொடுக்கும். விரிசலுக்கு வாய்ப்பு அதிகம்.

நார் போஸ்ட்: கண்ணாடி நாரைப் பிசினில் சேர்த்துச் செய்வது. டாக்டர்கள் ஃபைபர் போஸ்ட் என்பார்கள். 1990-களில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பல்லைப் போலவே சற்று வளைந்து கொடுக்கும், வெள்ளையாகவும் இருக்கும். மீறிப் பாரம் வந்தால் பெரும்பாலும் ஒட்டு விட்டுக் கழன்று வரும், வேர் உடைவது குறைவு. கழன்றதைத் திரும்ப ஒட்டலாம், உடைந்த வேரை ஒட்ட முடியாது. ஆனால் ஒட்டும் வேலை சுத்தமாக நடக்க வேண்டும். துவாரத்தை ஆசிட் ஜெல்லால் பதப்படுத்திக் கழுவி, உலர்த்தி, பசை தடவி, பிசின் சிமெண்டால் ஒட்டுவார்கள். எச்சில் பட்டால் ஒட்டு பிடிக்காது. அதற்காகப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோர் கட்டுவதற்கு இப்போது பெரும்பாலும் பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் பிசின். அடுக்கடுக்காக வைத்து நீல வெளிச்சத்தில் இறுக வைப்பார்கள். பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு கடைவாய்க்கு முன்பு அதிகம் பயன்பட்டது, இப்போது குறைந்துவருகிறது. கண்ணாடி அயனோமர் சிமெண்ட் சிறு பள்ளத்தை நிரப்பப் போதும், முழுக் கோரைத் தாங்கும் பலம் அதற்கு இல்லை.

கூட்டத்தில் கேட்கும் கேள்விகள்

உறுப்பினர்: அக்கா, வேர் சிகிச்சை பண்ணதும் வலி போயிடுச்சு. அப்புறம் எதுக்கு கேப்புன்னு காசு கேக்குறாங்க?

ஊக்குநர்: வலி போனது நரம்பை எடுத்ததால்மா. சொத்தையிலும் சிகிச்சையிலும் பாதிப் பல் போனதால் மிச்சம் இருக்கிற பல் மெலிந்திருக்கும். கடைவாய்ப் பல்லை அப்படியே விட்டால் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும். கட்டின பணம் முழுக்க வீண். வேர் சிகிச்சை முடிந்த சில வாரத்துக்குள் மேல்வேலையையும் முடிச்சிடணும்.

உறுப்பினர்: எனக்கு கவரிங் தோடு போட்டாலே காது அரிச்சுப் புண்ணாகுது. வாய்க்குள்ள உலோகம் வைக்கலாமா?

ஊக்குநர்: நல்ல கேள்வி! அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. சில போஸ்டிலும் கேப்பிலும் நிக்கல் கலந்திருக்கும். டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்க. நிக்கல் இல்லாத பொருள் வைப்பாங்க.

உறுப்பினர்: மருமக மாசமா இருக்கா. பல் உடைஞ்சிருக்கு, பிரசவம் ஆகட்டும்னு விட்டுடலாமா?

ஊக்குநர்: விடக்கூடாதும்மா. வீக்கம், சீழ் இருந்தா உடனே பார்க்கணும். நாலு, அஞ்சு, ஆறாம் மாசம் பல் வைத்தியத்துக்கு வசதியான காலம். கர்ப்பம்னு சொன்னா அதுக்கேத்த மருந்து கொடுப்பாங்க. சர்க்கரை, இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எது இருந்தாலும் மறைக்காம சொல்லணும்.

உறுப்பினர்: கேப் ஆடுது, ஆனா வலி இல்லையே?

ஊக்குநர்: நரம்பு எடுத்த பல்லுல சொத்தை வந்தாலும் கூச்சமோ வலியோ தெரியாது. ஆடுதுன்னா உள்ளே எச்சில் போகுதுன்னு அர்த்தம். கழன்ற கேப்பைத் தூக்கிப் போடாம டப்பாவுல போட்டு அந்த வாரமே கொண்டுபோங்க.

எப்போது பிடுங்குவதே சரி?

வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலும், எலும்பு கரைந்து பல் மிகவும் ஆடினாலும், சொத்தை ஈறுக்கு அடியில் ஆழமாக இறங்கி பூண் பிடிக்க இடமே இல்லாவிட்டாலும் பிடுங்குவதே நல்லது. அந்த நிலையில் கடன் வாங்கிப் போஸ்ட் வைப்பது வீண் செலவு. டாக்டர் எக்ஸ்ரே பார்த்து "இது நிக்காதும்மா" என்று காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

போகும் முன் தெரிந்துகொள்ள

பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடமே போங்கள். சந்தையில் உட்கார்ந்து பல் கட்டுபவரிடம் போனால் அழுகிய வேரின் மேலேயே பல்லை ஒட்டிவிடும் ஆபத்து உண்டு. முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். போஸ்ட், கேப் வேலை அங்கே இல்லையென்றால் எங்கே போகலாம் என்று கேளுங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே போனாலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. வேரில் விரிசல் இருக்கிறதா? கேப் பூண் போலப் பிடிக்கப் போதுமான பல் மிச்சம் இருக்கிறதா?
2. போஸ்ட் கட்டாயமா, கோர் மட்டும் போதுமா?
3. எந்த வகைப் போஸ்ட்? ஏன் அது?
4. வேர் சிகிச்சை, போஸ்ட், கோர், கேப் நாலுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? (வேர் சிகிச்சைக்கு மட்டும் பணம் கொண்டுபோய்ப் பாதியில் நிற்க வேண்டாம்.)
5. எத்தனை முறை வர வேண்டும்?

கட்டிய பிறகு தினமும் காலையிலும் இரவிலும் ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு ஈறோரம் சேர்த்துத் துலக்குங்கள். சாம்பல், செங்கல் பொடி வேண்டாம். கொட்டைப்பாக்கைக் கடிப்பது, பல்லால் கரும்பு உரிப்பது, சோடா மூடி திறப்பது, தைக்கும்போது நூலைக் கடித்து அறுப்பது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வலி இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறையாவது காட்டுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் எத்தனை பேருக்கு உடைந்த பல் இருக்கிறது? அதில் எத்தனை பேர் டாக்டரிடம் காட்டினோம்?
• வேர் சிகிச்சை செய்து கேப் போடாமல் விட்டவர்கள் யார்? அடுத்த கூட்டத்துக்குள் போய்க் காட்டிவிட முடியுமா?
• காதுகுத்து, சீர்வரிசைக்கு உள்கடன் தருகிறோம். வேர் நல்லா இருக்கு என்று டாக்டர் சொன்ன உறுப்பினருக்கு, கேப் வரை ஆகும் மொத்தச் செலவுக்கும் உள்கடன் தரத் தீர்மானம் போடலாமா?
• "பொம்பளைக்குப் பல் வைத்தியம் ஒரு கேடா" என்று வீட்டில் சொன்னால் என்ன பதில் சொல்லலாம்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உறுப்பினர்கள் கையெழுத்துப் போடுங்கள்.