மனச்சோர்வை அறிவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

உடல் நோயை நாடி பிடித்துப் பார்க்கலாம். எக்ஸ்ரே எடுத்தும் பார்க்கலாம். உள்ளத்து நோயை எதைக் கொண்டு அறிவது? இவ்வினாவை எனக்குள் எழுப்பியவர் என் அன்னையார்.

நடவிலும் களையெடுப்பிலும் முன்வரிசையில் நின்றவர், ஓராண்டு மெல்ல ஒடுங்கினார். "உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு பாரமா இருக்கு" என்பார். விடியுமுன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். ஆடு ஈன்ற குட்டியைத் தூக்கிக் கொஞ்சுபவர், அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டினோம். டானிக் வாங்கிக் கொடுத்தோம். "சோம்பல்" என்றனர் சுற்றத்தார். அரசு மருத்துவமனையில்தான் அதற்கு 'மனச்சோர்வு' என்று பெயர் கிடைத்தது.

தேர்வில் தோற்றால் வருந்துவது இயல்பு, அது நோயன்று. மருத்துவ நூலார் ஒன்பது அறிகுறிகளைக் கூறுகின்றனர்:

1. நீங்காத துயரம்
2. எதிலும் நாட்டமின்மை
3. பசியில் அல்லது எடையில் மாற்றம்
4. உறக்கக் குறைவு அல்லது மிகை
5. பிறர் காணுமளவு மந்தம் அல்லது பதற்றம்
6. களைப்பு
7. தன்னையே இழிவாக எண்ணுதல், குற்றவுணர்வு
8. கவனச் சிதறல்
9. சாவைப் பற்றிய எண்ணம்

இவற்றுள் ஐந்தேனும் இரண்டு வாரங்கள் ஏறத்தாழ நாள்தோறும் இருந்து, அன்றாட வாழ்வைக் குலைக்க வேண்டும். அவ்வைந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும்.

இவ்வொன்பதையும் வினாக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தரும் வினாத்தாளும் உண்டு. மொத்தம் 27, பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைக் காண வேண்டும். ஆயினும் அது சல்லடையே, தீர்ப்பன்று. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரும். ஆகவே இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். முன்பு எப்போதேனும் உறக்கமே வேண்டாத மிகையான உற்சாகம் இருந்ததா என்றும் மருத்துவர் கேட்பார். இருந்திருப்பின் நோயும் வேறு, மருந்தும் வேறு.

இறுதியாக மருத்துவர், "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சாம்மா?" என்று கேட்டார். அம்மா தலைகுனிந்து, "ஆமா" என்றார். அருகிலேயே உண்டு உறங்கிய நாங்கள் ஒருநாளும் கேட்காத கேள்வி அது! கேட்டால் அவ்வெண்ணம் முளைத்துவிடும் என்று அஞ்சுவது தவறு; கேட்பதே பலருக்கு ஆறுதல்.

மருந்து முதல் நாளிலேயே வேலை செய்வதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் நிறுத்தலாகாது. மூன்றாம் மாதம் அம்மா மீண்டும் நடவுக்குச் சென்றார்.

நண்பர்களே! விடுதியில் உங்கள் அறைத்தோழன் உண்ணாமல், பேசாமல், வகுப்புக்கு வராமல் கிடந்தால் "திமிர்" என்று எண்ணாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். 2022 முதல் இயங்கும் 14416 என்னும் இலவசத் தொலைபேசி உதவியில் தமிழிலேயே பேசலாம். நோய்க்குப் பெயர் தெரிந்தால் பாதி இருள் விலகும். மீதியை மருத்துவமும் துணை நிற்கும் மனிதரும் விலக்குவர்.