காவலர்க்குக் காவலர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்னும் ஊர் உள்ளது. கதிரியக்கம் உயிர்களுக்கு விளைக்கும் தீங்கினை ஆராயும்பொருட்டு, அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளை வளர்த்து வந்தனர். 1949ஆம் ஆண்டில் அவற்றிடையே விந்தையான குட்டிகள் சில பிறந்தன. அவற்றின் தோல் செதிள் செதிளாக உரிந்தது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் மிகப் பெருத்தன. சில வாரங்களுக்குள் அவை மாண்டன. மாண்டவை யாவும் ஆண் குட்டிகளே. இது கதிர் பட்டதனால் நேர்ந்த கேடு அன்று. தானே தோன்றிய மரபுப் பிழை. அறிஞர்கள் அவ்வெலிகளுக்கு 'ஸ்கர்ஃபி' என்று பெயரிட்டு, அவ்வழிமரபு அழியாவண்ணம் பல்லாண்டுகள் பேணி வந்தனர். அக்குட்டிகளைப் பகைக் கிருமி எதுவும் கொல்லவில்லை. அவற்றின் சொந்த வெள்ளணுக்களே உறுப்புகளைத் தாக்கிச் சிதைத்தன என்பது நெடுங்காலம் கழித்தே தெளிவாயிற்று.

நம்மைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒரு வகையினவற்றை டி-அணுக்கள் என்பர். மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் அவை முதிர்ச்சியடைகின்றன. இதுவரை கண்டிராத கிருமியையும் அடையாளங் காண வேண்டுமாதலின், உடல் அவற்றை எண்ணற்ற வேறுபாடுகளுடன் படைக்கிறது. அங்ஙனம் படைக்குங்கால், நம் உடலையே பகையெனக் கருதும் அணுக்களும் இடையே தோன்றிவிடுகின்றன. தைமஸ் அவற்றைச் சோதித்து அழிக்கிறது. இத்தேர்வில் தவறியவர்க்கு மறுதேர்வு இல்லை! உடல் தன்னைத் தானே தாக்காமைக்கு இச்சோதனை ஒன்றே போதும் என்று அறிஞர் பலரும் நெடுங்காலம் நம்பினர்.

ஜப்பான் நாட்டு அறிஞரான ஷிமோன் சகாகுச்சிக்கு இதில் ஐயம் பிறந்தது. பிறந்து மூன்று நாட்களே ஆன சுண்டெலிக்குத் தைமஸை அறுத்து நீக்கினால், அதன் எதிர்ப்பு ஆற்றல் குன்ற வேண்டும் அன்றோ? நிகழ்ந்ததோ நேர்மாறு; எதிர்ப்பு ஆற்றல் கட்டுக்கடங்காது எழுந்து எலியின் உறுப்புகளையே தாக்கியது. நலமுள்ள எலிகளின் முதிர்ந்த டி-அணுக்களைச் சகாகுச்சி அவ்வெலிகளுக்குச் செலுத்தினார். நோய் தடுக்கப்பட்டது. ஆகவே, போரிடும் அணுக்களை அடக்கும் அணுக்களும் டி-அணுக்களுள் இருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார்.

அக்காலம் அக்கருத்துக்கு உகந்ததாக இல்லை. அடக்கும் அணுக்கள் உண்டென 1970ஐ அடுத்த ஆண்டுகளில் சிலர் ஆரவாரமாக எழுதியிருந்தனர். அவர்தம் சான்றுகளுட் சில பொய்த்தமையால், அத்துறையையே பலரும் கைவிட்டனர். சகாகுச்சி மட்டும் பத்தாண்டுகளுக்கு மேல் விடாது முயன்று, 1995ஆம் ஆண்டில், சி.டி.25 என்னும் புரதத்தைத் தம்மேல் தாங்கிய அணுக்களே அக்காவலர் எனக் காட்டினார். ஆயினும் ஐயம் தீராதார் பலர் இருந்தனர்.

அவர்தம் ஐயத்தை நீக்கியவை மேற்கூறிய ஓக் ரிட்ஜ் எலிகளே. வாஷிங்டன் மாநிலத்து மருந்து நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மேரி பிரங்கோ அம்மையாரும் பிரெட் ராம்ஸ்டெல்லும் அவற்றின் மரபுப் பிழையைத் தேடினர். அது எக்ஸ் குரோமோசோமில் இருந்தது. ஆணுக்கு அக்குரோமோசோம் ஒன்றே, பெண்ணுக்கு இரண்டு. ஒன்று பழுதுறினும் மற்றொன்று பெண் குட்டியைக் காக்கும். ஆனால் அக்குரோமோசோமோ ஏறத்தாழ 17 கோடி எழுத்துகள் கொண்ட நூல் போன்றது. தேடும் பகுதியை ஐந்து இலட்சம் எழுத்துகளாகச் சுருக்கவே அவர்கள் நெடிது உழைக்க வேண்டியிருந்தது. அப்பகுதியில் இருந்த மரபணுக்கள் 20. ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். பத்தொன்பதில் குறையில்லை, இருபதாவதில் பிழை இருந்தது! அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டனர். அதே மரபணு பழுதுற்ற ஆண் குழந்தைகளுக்கு 'ஐபெக்ஸ்' என்னும் கொடுநோய் உண்டாகும் என்பதையும் 2001ஆம் ஆண்டில் அவர்கள் காட்டினர். பச்சிளம் பருவத்திலேயே நீரிழிவும் ஓயாத வயிற்றுப்போக்கும் தோல் நோயும் அக்குழந்தைகளை வருத்தும்.

இரண்டாண்டுகள் கழித்து, சகாகுச்சியும் பிறரும் இரு செய்திகளையும் இணைத்தனர். அவர் கண்ட காவலணுக்களை உருவாக்கும் கட்டளை ஃபாக்ஸ்பி3இலிருந்தே பிறக்கிறது. அக்கட்டளை பிறழின் காவலர் தோன்றார். இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

காவலர் மிகினும் இன்னல் உண்டு. புற்றுநோய்க் கட்டிகளுள் இவ்வணுக்கள் திரண்டு நின்று, கட்டியை அழிக்க வரும் வெள்ளணுக்களைத் தடுத்துவிடுகின்றன. ஆதலின் அங்கே இவற்றைக் குறைக்கவும், உடல் தன்னையே தாக்கும் நோய்களில் இவற்றைப் பெருக்கவும் மருத்துவர் முயல்கின்றனர். இவற்றுட் பல இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளன. ஐபெக்ஸ் நோயுற்ற குழந்தைக்கோ, பொருத்தமான பிறர் ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பெற்ற அணுக்களைச் செலுத்துகின்றனர். அவை வேரூன்றினால், அக்குழந்தையிடம் பிறப்பிலேயே இல்லாதிருந்த காவலர் அதன் குருதியில் உலவத் தொடங்குவர்.